ஜெர்மனி மகளிர் கால்பந்து: லீகில் முதலிடம் பெற்றும் மேலே போக முடியாதது ஏன்?

கோல்கம்பம்:
2023-ல் மூன்றாம் அடுக்கு லீகான வடகிழக்கு ரெகியோனல்லிகாவில் முதலிடம் பெற்ற விக்டோரியா பெர்லின் மகளிர் அணி, அடுத்த பருவத்தில் அதற்கு மேலுள்ள இரண்டாம் பன்டஸ்லிகாவில் ஆடவில்லை. இடையில் ஹாம்பர்க் அணியுடன் மோதித் தோற்றதே காரணம் என்று படித்தேன். ஒரு பருவம் முழுவதும் ஆடிச் சாம்பியனான அணி, வேறொரு லீகின் அணியை ஏன் மறுபடியும் வெல்ல வேண்டும்? ரெகியோனல்லிகாவுக்குக் கீழே எத்தனை அடுக்குகள் உள்ளன?

நடுக்களம்:
சிக்கல் கணக்கில்தான் இருக்கிறது. 2004-ல் இரண்டாம் பன்டஸ்லிகா தொடங்கியபோது அது வடக்கு, தெற்கு என இரு பிரிவுகளாக, பிரிவுக்கு 12 அணிகளோடு இருந்தது. 2018-ல் இரண்டையும் இணைத்து 14 அணிகள் கொண்ட ஒரே லீகாக ஆக்கினார்கள். ஆனால் அதற்கு அடியிலுள்ள மூன்றாம் அடுக்கு வடக்கு, வடகிழக்கு, மேற்கு, தென்மேற்கு, தெற்கு என ஐந்தாகவே நீடிக்கிறது. ஐந்து சாம்பியன்கள், மேலே மூன்றே இடங்கள். நீங்கள் சொல்லும் ஹாம்பர்க் அணியும் அந்த ஆண்டு வடக்கு லீகின் சாம்பியன்தான்; ஆகவே இரு சாம்பியன்களில் ஒருவர் தங்கிவிட நேர்ந்தது.

மழைநாள் ஆட்டம்:
அடுக்குகளின் எண்ணிக்கைக்கு ஒரே விடை கிடையாது. ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின்கீழ் 21 வட்டாரச் சங்கங்கள் உள்ளன; நான்காம் அடுக்கிலிருந்து அவரவர் தம் வசதிப்படி லீகுகளை அமைத்துக்கொள்கிறார்கள். பவேரியாவில் அதன் பெயர் பயர்ன்லிகா, வெஸ்ட்ஃபாலியாவில் வெஸ்ட்ஃபாலன்லிகா. பொதுவாக அதற்கும் கீழே லாண்டஸ்லிகா, பெட்ஸிர்க்ஸ்லிகா, இறுதியாக மாவட்ட அளவிலான கிரைஸ்லிகா ஆகியவை வரும். வீராங்கனைகள் போதாத சில மாவட்டங்களில் பதினொருவருக்குப் பதில் ஒன்பது பேருடன் ஆடவும் அனுமதிக்கிறார்கள். என் பார்வையில் இந்த லீகுகள் உயிரோடிருப்பதற்கு இத்தகைய நெகிழ்வே பெரிய காரணம். ஆண்கள் கால்பந்தில் கொடிகட்டிப் பறக்கும் டார்ட்முண்ட் கிளப்கூட, 2021-ல் மகளிர் அணியைத் தொடங்கியபோது கிரைஸ்லிகாவில்தான் ஆரம்பித்தது. ஆண்டுக்கு ஓர் அடுக்காக ஏறி, 2025-ல் மேற்கு ரெகியோனல்லிகாவை அடைந்தது.

இடதுபின்காப்பு:
நடுக்களம் சொன்ன கணக்கில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். பெரிய கிளப்களின் இரண்டாம் (ரிசர்வ்) அணிகள் உச்ச லீகான முதல் பன்டஸ்லிகாவில் ஆட முடியாது. ஆனால் இரண்டாம் பன்டஸ்லிகா வரை வரலாம். இளம் வீராங்கனைகளுக்கு அது நல்ல பயிற்சிக்களம் என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும், அவ்வணிகள் பிடித்து வைத்திருக்கும் ஒவ்வோர் இடமும், கீழேயிருந்து வரும் தனி அணி ஒன்றுக்குக் கிடைக்காமல் போகும் இடம்தான்.

ரெகியோனல்லிகாவிலிருந்து ஏறும் அந்தக் குறுகிய வாசலைத் தாண்டிவிட்டால் பயணம் விரைவாகவும் அமையலாம். யூனியன் பெர்லின் 2024-ல் வடகிழக்கு லீகிலிருந்து ஏறி, அடுத்த ஆண்டே முதல் பன்டஸ்லிகாவுக்குச் சென்றது. 2025-26 பருவத்துக்காக முதல் பன்டஸ்லிகாவை 12 அணிகளிலிருந்து 14 ஆக விரிவாக்கியதால் அவ்வாண்டு மூன்று அணிகள் மேலேற முடிந்தது.

கோல்கம்பம்:
தெளிவான விளக்கங்களுக்கு நன்றி. ஹாம்பர்க்கும் ஒரு சாம்பியன் என்பதை நான் கவனிக்கவே இல்லை. அப்படியானால் விக்டோரியா இன்னும் மூன்றாம் அடுக்கிலேயே இருக்கிறதா?

நடுக்களம்:
இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025-ல், அவர்களும் ஏறிவிட்டார்கள்.