தலைப்பாகை கட்டின ஆள், 1989, தூர்தர்ஷன் – யாருக்காவது ஓர்மை உண்டா?

குழித்துறை மரச்சீனி:

நிகழ்ச்சி பேரு மறந்து போச்சு. ஆளோட முகம் மட்டும் அப்படியே நிக்குது. அதுதான் கேக்கிறேன்.

1989. எனக்குப் பதினொண்ணு வயசு. வீட்டுல கெல்ட்ரான் கறுப்பு வெள்ளை டிவி, வாங்கி ஒரு வருசம்கூட ஆகல்ல. கேரள எல்லை ஓரமா இருக்கிற எங்க பக்கத்து ஆன்டெனா எல்லாம் திருவனந்தபுரம் பாத்துதான் நிக்கும். மெட்ராஸ்காரங்க பெருமையா சொல்லுற ‘ஒளியும் ஒலியும்’ சினிமாப் பாட்டு நிகழ்ச்சி எங்களுக்கு வெறும் கேள்வி ஞானம். சாயந்தரம் மலையாளம், பிறகு டெல்லிக்காரன் ஹிந்தி. மலையாளம் பிரச்சனை இல்ல, சந்தைக்குப் போனாலே வந்திரும். ஹிந்திதான் ஒருத்தருக்கும் தெரியாது.

பக்கத்து வீட்டுப் பட்டாளத்து மாமாவுக்குத் தெரியும். ஜலந்தர்ல இருந்து பென்சன் வாங்கி வந்தவரு. ராத்திரிச் சோறு முடிச்சு, தோள்ல துண்டோட வந்து கட்டில் ஓரமா இருப்பாரு. இந்த நிகழ்ச்சி வந்தா அவரு முதல்ல தனியா சிரிப்பாரு. சிரிச்சு, இருமி, துண்டால வாயைத் துடைச்ச பிறகுதான் எங்களுக்குச் சொல்லுவாரு. அதுக்குள்ள டிவியில அடுத்த தமாசு போயிருக்கும். நாங்க எப்பவும் ஒரு தமாசு பின்னால.

அந்த ஆளு ஒரு சர்தார். தலைப்பாகை, தாடி. முகத்துல சிரிப்பே வராது, மரணச் செய்தி சொல்லுற மாதிரி தமாசு சொல்லுவாரு. வாரத்துக்கு ஒரு வேஷம். ஒரு வாரம் காண்டிராக்டர், ஒரு வாரம் காலேஜ் புரொபசர், ஒரு வாரம் சர்க்கார் உத்தியோகஸ்தன். கடைசியில ஏதாவது சினிமாப் பாட்டை மாத்திப் பாடுவாங்க. ரெண்டு வருசமாவது ஓடியிருக்கும்னு நினைக்கிறேன்.

கேள்வி ரெண்டு. பேரு என்ன? சர்க்கார் டிவியிலேயே சர்க்கார் ஆபீசை இப்படி நாறடிக்க எப்படி விட்டாங்க?

இதுல எங்க அப்பா சம்பந்தப்பட்ட ஒரு கதையும் உண்டு. பேரு தெரியட்டும், பிறகு சொல்லுறேன்.

தக்கலை மெக்கானிக்:

மக்களே, அது ‘ஃப்ளாப் ஷோ’. ஆளு ஜஸ்பால் பட்டி. ரெண்டு வருசம் எல்லாம் ஓடல்ல. மொத்தமே பத்து எபிசோடு. பத்து வாரத்தை நீ ரெண்டு வருசமா நீட்டி வச்சிருக்கே.

எனக்கு அப்போ டிவி ரிப்பேர் கடை. ராத்திரி கடை அடைக்கிறதுக்கு முன்னால, நன்னாக்கின செட்டு ஓடுதான்னு பாக்கிற சாக்குல இதைப் பாத்திருவேன். எழுதினதும் டைரக்சனும் நடிப்பும் எல்லாம் அந்த ஆளுதான். பெண்டாட்டியா வாறது அவரோட சொந்த மனைவி சவிதா பட்டி. விவேக் ஷௌக்னு ஒருத்தர் வாரா வாரம் வேற வேற வேஷத்துல வருவாரு, என்னைக் கேட்டா அவருதான் பாதி நிகழ்ச்சி. டைட்டில்ல டைரக்சன்னு போட வேண்டிய இடத்துல ‘மிஸ்டைரக்சன்’னு போடுவாங்க, கவனிச்சியா? யாரைக் கிண்டலடிக்கப் போறாங்களோ அவங்களுக்கே அந்த எபிசோடு சமர்ப்பணம்னும் வரும். தனக்குத் தானே ‘ஃப்ளாப்’னு பேரு வச்சவனை வேற ஒருத்தன் என்ன சொல்லி மட்டம் தட்ட?

பட்டி எலக்ட்ரிக்கல் இஞ்சினியரிங் படிச்சவரு, சண்டிகர்ல. நம்ம வர்க்கம்! படிக்கும்போதே ‘நான்சென்ஸ் கிளப்’னு ஒண்ணு தொடங்கி, கூட்டாளிகளைச் சேத்து தெருவுல நாடகம் போட்டிருக்காரு. பிறகு ‘ட்ரிப்யூன்’ பத்திரிகையில கார்ட்டூன். டிவிக்கு வந்ததும் ‘உல்டா புல்டா’ன்னு துண்டு துண்டா சின்னச் சின்ன தமாசு. அதுக்குப் பிறகுதான் இது.

இன்னொரு காரியம். அந்த வருசம் பஞ்சாப்ல ஜனாதிபதி ஆட்சி. பேப்பரைத் திறந்தா வெடிச் சத்தம்தான். அந்த நாட்டுல இருந்து ஒரு சர்தார் வந்து மருத்துவ பில்லையும் செத்துப்போன டெலிபோனையும் வச்சு நம்மளைச் சிரிக்க வைக்கிறாரு. உங்க பட்டாளத்து மாமா அந்தச் சிரிப்பு சிரிச்சதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கும்.

சர்க்கார் எப்படி விட்டுச்சுன்னு கேட்டே. அப்போ நாட்டுல இருந்தது ஒரே டிவி. கேபிள்காரன் எல்லாம் தொண்ணூறுக்குப் பிறகுதான் வந்தான். சிரிக்கணும்னாலும் அழணும்னாலும் தூர்தர்ஷன்தான். அங்க இருந்த எந்த ஆபீசருக்கோ தமாசு பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்.

பாறசாலை டீச்சர்:

மெக்கானிக் சொன்னது சரி. நான் இதைப் பார்த்தது திருவனந்தபுரத்தில், லேடீஸ் ஹாஸ்டல் சாப்பாட்டு அறையில். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க்காரி நான் ஒருத்திதான், மற்றவர்கள் எல்லாம் மலையாளிகள்.

அப்போது பி.எச்.டி.க்குப் பதிவு செய்திருந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். புரொபசர் வீட்டு வேலையெல்லாம் ஆராய்ச்சி மாணவன் தலையில் விழுகிற எபிசோடு வந்தது. ஹாஸ்டலே என்னைத் திரும்பிப் பார்த்தது! அதற்கு முந்தின மாதம்தான் என் கைடு தன் மகள் கல்யாணத்துக்கு அறுநூறு கவரில் விலாசம் எழுத வைத்திருந்தார். “உன் கையெழுத்து நல்லா இருக்கும்மா” என்றார். ஆராய்ச்சியில் என் கையெழுத்தை அவர் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். இரண்டு வருடம் கழித்து விட்டுவிட்டேன். ஸ்கூல் வேலை கிடைத்தது, தப்பித்தேன்.

மலையாளத்தில் கிண்டலுக்குப் பஞ்சமில்லை. கொச்சின் கலாபவன் குழுவின் மிமிக்ரி, பிறகு ஏசியாநெட் சேனலில் வருடக்கணக்காக ஓடிய ‘சினிமாலா’ என்ற கிண்டல் நிகழ்ச்சி. அதில் தலைவர்கள் குரல் அச்சு அசலாக வரும், நாமும் அந்தத் தலைவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தூங்கப் போவோம். பட்டி பிடித்தது பில் எழுதுகிற குமாஸ்தாவை, கைடை, சீஃப் கெஸ்ட் ஆகத் துடிக்கிற உள்ளூர்ப் பெரிய மனுஷனை. திருட்டு வேஷத்தையும் பெரும்பாலும் தானே கட்டிக்கொள்வார். அப்படியானால் யாரைப் பார்த்துச் சிரிப்பது? பக்கத்து நாற்காலியைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அந்த வகைக்குக் கிட்டத்தில் வருவது ‘மறிமாயம்’. 2011-இல் மழவில் மனோரமா என்ற மலையாள சேனலில் தொடங்கியது. சர்க்கார் ஆபீஸ், அலைக்கழிக்கிற உத்தியோகஸ்தன், பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற நாட்டுக்காரன். பட்டி பத்தில் நிறுத்தினார், இவர்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருநூறாவது தடவை ஒரே வில்லேஜ் ஆபீசைப் பார்க்கும்போது அந்த ஆபீஸ் மீது ஒரு பிரியமே வந்துவிடுகிறது.

களியக்காவிளை பஸ்:

அங்கிள், யூடியூப்ல தேடுங்க, கிடைக்கும். நான் காலேஜ் படிக்கும்போது பாத்தேன். தமிழ்ல நமக்கு ‘லொள்ளு சபா’தான் தெரியும், அது சினிமாவை வச்சு செஞ்சது. ஆபீசை வச்சு செஞ்சது கம்மி.

பத்து எபிசோடு குறைவுன்னா, அமெரிக்காவுல ரிச்சர்ட் பிரையர்னு ஒருத்தர் 1977-ல என்.பி.சி. சேனல்ல ஷோ பண்ணினாரு. மொத்தம் நாலே எபிசோடு. அதுல ஒரு ஸ்கெட்ச், அமெரிக்காவோட முதல் கறுப்பின ஜனாதிபதி பத்திரிகையாளர்களைச் சந்திக்கிறாரு. முதல்ல கௌரவமா பதில் சொல்லுவாரு, போகப் போக ஆள் மாறிடுவாரு. ஒபாமா ஜெயிக்கிறதுக்கு 31 வருசம் முன்னால! அதே ஷோவுல பேரெடுக்காத சின்னப் பையனா ராபின் வில்லியம்ஸ் வேற இருக்காரு. குடும்பத்தோட உக்காந்து டிவி பாக்கிற நேரத்துல போட்டதால சேனல்காரனுக்கும் இவருக்கும் ஆரம்பத்துல இருந்தே சண்டை.

பட்டி அங்கிள் 2012-ல ரோடு ஆக்சிடெண்ட்ல இறந்துட்டாரு. தன் படம் ரிலீசுக்கு முந்தின நாள், அதோட விளம்பர வேலையா போகும்போது. அடுத்த வருசம் பத்மபூஷண் குடுத்தாங்க.

குழித்துறை மரச்சீனி:

எல்லாருக்கும் நன்றி. பஸ் தம்பி, அமெரிக்காக்காரன் கதை கொள்ளாம். ஆனா நமக்கு அதை மொழிபெயர்க்க பட்டாளத்து மாமா இல்லியே. அவரு போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருசம்.

நேத்து ராத்திரி யூடியூப்ல தேடிப் பாத்தேன். மகளும் கூட இருந்தா. அவளுக்கு ஹிந்தி தெரியும், ஆனா டெலிபோன் கனெக்சனுக்கு வருசக்கணக்கா காத்துக் கெடந்த கதையை நான்தான் அவளுக்கு விளக்கணும். நாப்பத்தேழு வயசுல நான் பட்டாளத்து மாமா ஆயிட்டேன்.

இனி அப்பா கதை. அவரு ஒரு சர்க்கார் ஆபீஸ்ல குமாஸ்தா, எதுன்னு வேண்டாம். நல்ல மனுசன். கைக்கூலி வாங்கமாட்டாரு, சத்தியமா. ஆனா மருத்துவச் செலவை ஆபீஸ் திருப்பித் தரும்னு ஒரு வழி இருந்ததே, அதுல எல்லாரும் போன மாதிரி அவரும் போனாரு. அம்மாவுக்கு எட்டு மாசமா தீராத வயித்துப் புண்ணுன்னு பில் போச்சு. அம்மா மூணு நேரமும் மரச்சீனியும் மத்திக் கறியும் காந்தாரி மிளகும் சாப்பிட்டு நல்லா கல்லு மாதிரிதான் இருந்தா. அந்தத் துட்டையும் சேத்துத்தான் கெல்ட்ரான் டிவி வந்தது. வீட்டுல இதை யாரும் வாய் விட்டுச் சொன்னது இல்ல. எனக்கே பெரியவனானப் பிறகு பெரியம்மை சொல்லித்தான் தெரியும்.

அப்போ அந்த டிவியில, ஒரு ராத்திரி, பட்டி வந்து போலி மருத்துவ பில்லைப் பத்தி எபிசோடு போடுறாரு.

மாமா வழக்கம் போல முதல்ல சிரிச்சாரு. ஆனா அன்னைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படல்ல. ‘மெடிக்கல்’னும் ‘பில்’னும் அம்மாவுக்கே புரிஞ்சுபோச்சு. முதல் தடவையா மாமாவுக்குக் கூடவே சிரிச்சா. முந்தானையால வாயைப் பொத்திட்டு, கண்ணுல வெள்ளம் வர்ற வரைக்கும். அப்பாவும் முதல்ல ரெண்டு சிரிப்பு சிரிச்சாரு. பிறகு நிறுத்திட்டாரு. கொஞ்ச நேரம் டிவியையே பாத்துட்டு இருந்தாரு, பெட்டியை, படத்தை இல்ல.

“புள்ளி புள்ளியா வருது”ன்னு சொல்லிட்டு எழும்பி வெளியே போனாரு. படம் நல்லா தெளிவாத்தான் இருந்தது. இருட்டுல ஆன்டெனாக் கம்பியைப் பிடிச்சுத் திருப்புற சத்தம் கேட்டது. உள்ள படம் சாடிச் சாடி ஒரே கோடாப் போச்சு.

“தெளிஞ்சா?”ன்னு வெளியே இருந்து கேட்டாரு.

அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டே சத்தம் போட்டா: “தெளிஞ்சு, தெளிஞ்சு! நீங்க உள்ள வாங்க.”