ராஜேஷ்குமாரின் விவேக் - ரூபலா நாவல்களுக்குப் பட்டியல் இருக்கிறதா?

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் எண்பதுகளின் பாக்கெட் நாவல்கள் ஒரு கட்டு கிடைத்தது, பெரும்பாலும் ராஜேஷ்குமார் எழுதிய க்ரைம் கதைகள். நிறையவற்றில் அட்டையே இல்லை, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுத்தாளில் பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது.

கோவைக்காரர் 1500 நாவலுக்கு மேல் எழுதியவர் என்பதால் எது எந்த வருடம் என்று தேடியே களைத்துவிட்டேன். சம்பந்தமே இல்லாத இரண்டு கதைகளை மாறி மாறி நகர்த்திக் கடைசியில் முடிச்சுப் போடுவாரே, அதற்கு நான் அடிமை (சில முடிவுகள் அவசரம்தான், சரி விடுங்கள்).

துப்பறியும் விவேக், அவர் மனைவி ரூபலா வரும் நாவல்களை மட்டும் வரிசைப்படுத்தி யாராவது வைத்திருக்கிறீர்களா? அப்புறம், பொடியாக உதிரும் அந்தத் தாளை ஸ்கேன் செய்வது எப்படி? பின்னைக் கழற்றலாமா?