ஓடைக்குக் குடிவந்த ஆற்றுப் பாலம்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

போன வாரம் நான் அனுப்பிய பாலத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம வாய்க்கால் அளவு இருக்கிற ஓடைக்கு எதுக்குப்பா இத்தனை இரும்பு?" என்று சிகாகோ சித்தப்பா கேட்டிருந்தார். சரியான கேள்வி. அந்த ஓடைக்காகச் செய்த பாலமே இல்லை அது.

இடம் ஒஹையோவில் ஸோர்வில். ஓடையின் பெயர் கானட்டன். பால்டிமோரின் ஸ்மித், லாட்ரோப் கம்பெனி 1868இல் பக்கத்து டோவர் நகரத்தில் டஸ்கராவாஸ் ஆற்றின்மேல் ஒரு பாலம் கட்டியது. அதன் ஒரு கண்தான் இது. 1905இல் அதைக் கழற்றி இங்கே கொண்டுவந்து பூட்டியிருக்கிறார்கள்.

இந்த வகைப் பாலத்தை வடிவமைத்தவர் ஆல்பர்ட் ஃபிங்க். ஜெர்மனியில் படித்துவிட்டு 1849இல் அமெரிக்கா வந்து, பால்டிமோர் ஒஹையோ ரயில்வேயில் சேர்ந்தவர். இந்த வடிவமைப்புக்கு 1854இல் காப்புரிமை வாங்கினார். இவர் யோசனையை என் பையனுக்கு வீட்டிலேயே செய்து காட்டினேன். இரண்டு புத்தக அடுக்குகளின்மேல் ஓர் அளவுகோல், அதன் நடுவில் கீழ்நோக்கி ஒரு பென்சில் துண்டு. அளவுகோலின் ஒரு முனையில் கட்டிய நூலைப் பென்சிலின் அடிவழியாகக் கொண்டுபோய் மறுமுனையில் கட்டினோம். நடுவில் விரலை வைத்து அழுத்தினால் நூல் விறைத்துக்கொள்கிறது, அளவுகோல் வளையவில்லை. ஃபிங்க் இதை அப்படியே பாதிபாதியாகத் தொடர்ந்தார். ஒவ்வொரு பாதிக்கும் நடுவில் ஒரு கம்பம், அதைத் தாங்க இரண்டு இழுவைக் கம்பிகள், அப்புறம் அந்தப் பாதிக்குள் இன்னொரு பாதி. ஸோர்வில் பாலத்தில் உத்தரம் தலைக்குமேல் போகிறது, நாம் கம்பங்களின் அடிமட்டத்தில் நடக்கிறோம். அதனால் கம்பிகள் விசிறிபோல் விரிந்து இறங்குவது பக்கத்திலேயே தெரியும்.

பற்றவைப்பு கிடையாது. வண்டிச் சக்கரத்துக்குக் கடையாணி போட்டதுபோல, கம்பிகளின் முனையில் துளைவிட்டு ஆணி கோத்திருக்கிறார்கள். ஒரு மூட்டில் கையை வைத்தபடி பையன் வெகுநேரம் நின்றான். ஆணியை உருவினால் பாலம் பிரிந்துவிடும், திரும்பக் கோத்தால் பாலமாகிவிடும். இடம்மாற்ற முடிந்ததற்குக் காரணம் இதுதான்.

1940களில் சாலை வேறு வழியாகப் போனதும் பாலத்தைக் கைவிட்டார்கள். பல வருடம் துருவேறி, செடி மண்டிக் கிடந்தது. இதே வகையில் நியூஜெர்சியின் ஹாம்டனில் இருந்த பாலம் 1978இல் கார் மோதி விழுந்துவிட்டது. அதன்பிறகு, நடுவே பாதை போகும் ஃபிங்க் பாலம் அமெரிக்காவில் இது ஒன்றுதான் மிச்சம். பக்கத்திலுள்ள டஸ்கஸோர் என்ற பழைய சாரணர் முகாமின் அறக்கட்டளைக்காரர்கள் விடாமல் முயன்று, முழுசாகப் பிரித்து, பழுதுபார்த்து, மறுபடி ஓடைமேல் நிறுத்தினார்கள். முன்பின் தெரியாத அந்த மனிதர்கள்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

சித்தப்பா, கோடையில் எங்கள் வீட்டுக்கு வரும்போது ஒரு நாள் கூட வைத்துக்கொண்டு வாருங்கள். காலையிலேயே கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.