பிரிபோசிஷனுக்குத் தமிழ்ல என்ன போடறது? நாளைக்குக் காலையில அச்சுக்குப் போகணும்

எல்லாருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புக்கு ஒரு பயிற்சித்தாள் தயார் பண்ணிட்டிருக்கேன், நேரத்தை இங்கிலீஷ்ல சொல்றப்போ அட், இன், ஆன் எது எங்க வரும்னு. தலைப்புல பிரிபோசிஷனுக்கு என்ன எழுத? போன வருஷம் முன்னிடைச்சொல்னு போட்டேன். ஒரு பொண்ணு எழுந்து, "டீச்சர், முன்னுன்னா பிஃபோர்தானே, அப்ப அட் சிக்ஸ்னா ஆறு மணிக்கு முன்னாடியா?"ன்னு கேட்டா. நியாயமான கேள்வி. அதுக்கப்புறம் அந்தச் சொல்லை எழுதவே கை வரல.

*

டீச்சர், முன்னிடைச்சொல்லை விட்டுடாதீங்க. இடைச்சொல் பெயரோடயும் வினையோடயும் சேர்ந்துதான் நடக்கும், தனியா இயங்காதுங்கறது தொல்காப்பியம். அது பெயர் வினைக்குப் பின்னாடியும் வரும், முன்னாடியும் வரும்ங்கறது நன்னூல். முன்னாடி வர்றது முன்னிடைச்சொல், இதுல என்ன குழப்பம்? லத்தீன்லயும் முன்னால வைக்கிறதுங்கற பொருள்லதான் அந்தப் பேரே வந்துச்சு. பொழுதைப் பத்திப் பேசறதால இன்னொண்ணு. எற்பாடுன்னு ஒரு அருமையான சொல் இருக்கு, எல்லுன்னா கதிரவன், படுறதுன்னா சாயறது. ஆஃப்டர்நூனுக்கு அதையே பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு பொழுதுக்கு 10 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம், ஆறு பொழுது சேர்ந்தா ஒரு நாள், கணக்கு எவ்வளவு சுத்தமா வருது பாருங்க.

*

ஐயா, எற்பாடு அழகுதான், ஆனா நாளைக்கு அந்தத் தாளைப் படிக்கப்போறது பதிமூணு வயசுப் பிள்ளை. நான் முன்னுருபுன்னு போடச் சொல்றேன். காரணம் இருக்கு. ஆறு மணிக்குன்னு சொல்றோம், காலையிலன்னு சொல்றோம். காலைக்கு வந்தேன்னு யாரும் சொல்றதில்ல. கடிகாரத்துல ஒரு புள்ளின்னா கு, பரந்து கிடக்கிற பொழுதுன்னா இல். அட் சிக்ஸ், இன் த மார்னிங்ல இருக்கிறதும் அதே பிரிவுதான்! நம்ம உருபு பின்னாடி ஒட்டுது, அவங்களோடது முன்னாடி நிக்குது. முன்னுருபுன்னு சொன்னா வேற்றுமை படிச்ச பிள்ளைக்கு உடனே பிடிபடும்.

*

தம்பி, உருபுன்னா ஒட்டணும். அட் எதோட ஒட்டுது? தனிச்சொல்லா நிக்கிறதை உருபுன்னு சொன்னா இலக்கணமே கோணலாயிடும். உங்க பொருத்தமும் பாதி தூரம்தான் வரும். நள்ளிரவில்னு சொல்றோம், அங்க அட் மிட்நைட். ராத்திரி வந்தான்னு உருபே இல்லாம சொல்றோம், அங்க அட் நைட்.

*

ஐயா சொல்ற அந்த இடத்துலதான் பிள்ளைங்க விழறாங்க, அதனாலதான் உருபோட ஒப்பிட்டுக் காட்டணும்ங்கறேன். திங்கட்கிழமை காலையிலன்னு நினைச்சுக்கிட்டு இன் மண்டே மார்னிங்னு எழுதறான். அந்த இல் அவன் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகுது. நாள் பேரு வந்துட்டா ஆன் தான், பின்னால மார்னிங் இருந்தாலும் ஆன் மண்டே மார்னிங். திஸ், லாஸ்ட், நெக்ஸ்ட், எவ்ரி வந்தா ஒண்ணுமே வேண்டாம். இன்னொண்ணு, நூன்னா 12 மணி மட்டும், நம்ம மதியம் மூணு மணி வரைக்கும் இழுக்கும், அதனால மதியம்னா நூன்னு எழுதிக்கொடுத்துடாதீங்க டீச்சர்.

*

நானும் ஒண்ணு சொல்லிக்கிறேன். முன்ங்கற சொல்லே நேரப் பாடத்துக்கு ஆகாது. ஏ.எம்.முக்கு முற்பகல்னு போட்டு வெச்சிருக்கோம், ராத்திரி 2 மணி எப்படிங்க பகலாகும்? உச்சிக்கு முன், உச்சிக்குப் பின், லத்தீன்ல இருக்கிறது அவ்வளவுதான். உச்சியிலேயே நிக்கிற 12 மணி இது ரெண்டுலயும் சேராது, 12 நூன்னு எழுதறதுதான் தெளிவு. பிரிபோசிஷனை அப்படியே பிரிபோசிஷன்னே போட்டுட்டா என்ன? பஸ்ஸுன்னு சொல்றதில்லையா?

*

பஸ்ஸு வாய்ல ஓடுது, பிரிபோசிஷன் ஓடலியே.

*

நன்றி எல்லாருக்கும். மணி பதினொண்ணாச்சு. வேற்றுமை படிச்ச பிள்ளைக்கு முன்னுருபு பிடிபடும்னு தோணுது, அதையே போட்டுட்டேன், பக்கத்துல பிரிபோசிஷன்னும் எழுதியிருக்கேன். கு, இல் ரெண்டையும் அட், இன்னுக்கு நேரா ஒரு கட்டத்துல வெச்சேன். அட் நைட், அட் மிட்நைட், அட் நூன் மூணும் தனியா கீழ. ராத்திரி நடுவுல முழிச்சேன்னு சொல்றப்போ இன் த நைட்டும் சரிங்கறதை நாளைக்கு வாயால சொல்லிக்கிறேன், தாள்ல இடமில்ல.

*

தாள் நல்லா வரட்டும், டீச்சர். ஆனா உருபுன்னா ஒட்டணும்.