பக்கத்து மனையில் பள்ளம், எங்கள் சுவரில் விரிசல்: மூன்று ஆண்டுகளை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

செம்பூர் செயலாளர் (கேள்வி)

வணக்கம். மும்பை செம்பூரில் 1984-இல் கட்டிய, தரைத்தளமும் மூன்று மாடிகளும் கொண்ட பன்னிரண்டு வீட்டுச் சொசைட்டி ஒன்றுக்கு நான் செயலாளர். அடுத்த மனையில் இருந்த பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, ரீடெவலப்மென்டில் பெரிய கட்டடம் எழுப்புகிறார்கள். கார் நிறுத்த இரண்டு அடுக்கு பேஸ்மென்ட் வேண்டும் என்பதற்காக, 2022 நவம்பரில் எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் பைலிங் (மண்ணுக்குள் ஆழமாகத் தூண்கள் இறக்குவது) போட்டுப் பள்ளம் தோண்டத் தொடங்கினார்கள். 2023 ஜனவரி 11 அன்று இரண்டாம் மாடி மாமி ஒருவர், பூஜை அறைச் சுவரில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடுவதைப் படமெடுத்துச் சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஒரு வாரத்திற்குள் அந்தப் பக்கத்து வீடுகள் நான்கிலும் விரிசல் தெரிந்தது. பிப்ரவரியில் மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்தோம். ஏப்ரலில் பில்டர், "எங்கள் மீது பொறுப்பு எதுவும் இல்லாவிட்டாலும், அண்டை வீட்டார் என்ற நல்லெண்ணத்தின் பேரில்" பழுது பார்த்துத் தருவதாகக் கடிதம் கொடுத்து, ஆள் அனுப்பிப் புட்டி பூசினார். அத்தோடு தீர்ந்தது என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

2024 ஜூலை மழையில் பூசிய விரிசல்கள் எல்லாம் விரல் நுழையும் அளவுக்குத் திறந்துகொண்டன. படிக்கட்டை ஒட்டிய தூணில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. காம்பவுண்டுச் சுவர் பள்ளத்தின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஸ்ட்ரக்சுரல் ஆடிட் செய்த பொறியாளர் பழுதுபார்ப்புக்கு 48 லட்சம் ரூபாய் ஆகும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்கள் கட்டடம் பழையது, அது தானாகவே விரிந்தது என்கிறார் பில்டர். 2025 மார்ச்சில் அனுப்பிய வக்கீல் நோட்டீசுக்குப் பதிலே இல்லை.

இப்போது 2025 அக்டோபர் முதல் வாரம். இழப்பீட்டு வழக்குப் போடுவதற்கான கெடு, பள்ளம் தோண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டு என்கிறார் ஓர் உறுப்பினர்; நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து என்கிறார் இன்னொருவர்; விரிசல் வளர்ந்துகொண்டே இருப்பதால் காலக்கெடுவே கிடையாது என்கிறார் மூன்றாமவர். எது சரி?

மாட்டுங்கா வழக்கறிஞர்

மூன்றுமே சரியில்லை, மூன்றாவது மிக ஆபத்தானது.

இத்தகைய இழப்பீட்டு வழக்குக்கு 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தில் தனி உறுப்பு (அதன் கால அட்டவணையில் ஓர் இனம்) இல்லாததால், மிச்சமுள்ள எல்லா வழக்குகளுக்கும் பொதுவான 113-ஆம் உறுப்பின்படி, வழக்கிடும் உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் என்று கொள்ள வேண்டும். அந்த உரிமை எப்போது எழுகிறது என்பதற்கு அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு விடை சொல்கிறது: பாதிப்பு ஏற்பட்டாலன்றி வழக்குக்கு இடந்தராத செயலாக இருந்தால், செயல் நடந்த நாளை விட்டுவிட்டுப் பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து காலத்தை எண்ண வேண்டும். தன் மனைக்குள் ஒருவர் பள்ளம் தோண்டுவது மட்டும் உங்களுக்கு எதிரான குற்றமாகாது; அதனால் உங்கள் சுவர் விரியும்போதுதான் வழக்கு மூலம் (வழக்குப் போடுவதற்கான காரணம்) பிறக்கிறது. பழைய 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு உதாரணமே இருந்தது: நிலத்தடியில் ஒருவர் நிலக்கரி எடுக்கிறார், மேலே உடனே எதுவும் தெரியவில்லை, பிற்பாடு நிலம் உள்வாங்குகிறது, உள்வாங்கிய நாளிலிருந்துதான் கணக்கு.

ஆகவே உங்களுக்கு எதிராகக் காட்டப்படும் நாள் 2023 ஜனவரி 11. நீங்கள் சாட்சியமாகப் பொத்திப் பாதுகாக்கும் அந்த மாமியின் படத்தையே எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டும். முதல் நாளைக் கழித்து எண்ணினால் 2026 ஜனவரி 11-இல் கெடு முடிகிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் 4-ஆம் பிரிவு திங்கட்கிழமை வரை இடம் தருகிறது என்றாலும், அந்த ஒரு நாளை நம்பி யாரும் பிராது (வழக்கு மனு) தயாரிக்கக் கூடாது.

வளர்ந்துகொண்டே இருக்கும் விரிசல் பற்றி: 22-ஆம் பிரிவு தொடர் தீங்குக்கு ஒவ்வொரு கணமும் புதிய காலம் தருவது உண்மைதான். ஆனால் தீங்கான செயலால் விளைந்த பாதிப்பு முழுமையடைந்துவிட்டால், அதன் விளைவுகள் நீடிப்பதால் மட்டும் அது தொடர் தீங்கு ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1959-லேயே, பாலகிருஷ்ண சாவல்ராம் பூஜாரி வழக்கில், சொல்லிவிட்டது. மறுபக்கம், ஒரே தோண்டலால் பிற்பாடு நிலம் புதிதாக உள்வாங்கினால் அது புதிய வழக்கு மூலம் என்று 1886-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை, டார்லி மெயின் நிலக்கரிச் சுரங்க வழக்கில் தீர்ப்பளித்தது. 1882-ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் (அடுத்தவர் நிலத்தின் மேல் ஒரு நிலத்துக்கு உள்ள அனுபவ உரிமை) சட்டத்தின் 34-ஆம் பிரிவும், தாங்குதலை (பக்கத்து நிலம் தரும் பிடிப்பை) அகற்றியதற்கு இழப்பீடு கேட்கும் உரிமை கணிசமான சேதம் உண்மையில் ஏற்படும் வரை எழாது என்கிறது. மயிரிழை விரிசல் கணிசமான சேதமா, 2024 ஜூலையில் தூண் பெயர்ந்ததுதான் கணிசமான சேதமா என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. ஆனால் அது மழைக்கு மடக்கி வைத்திருக்கும் குடை. ஜனவரிக்கு முன் தாக்கல் செய்தால் அதை விரிக்கும் தேவையே வராது.

நோட்டீஸ், வார்டு அலுவலகப் புகார், பில்டரின் வாய்மொழி எதுவும் கடிகாரத்தை நிறுத்தாது. கையெழுத்திட்ட ஒப்புகைக்குக் காலவரையறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு புதிய காலம் தரும். ஆனால் பில்டர் உங்களுக்குத் தந்த கடிதம் பொறுப்பை ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கிறது. அதை எழுதியவருக்குச் சட்டம் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. பக்கத்து மண் தாங்க வேண்டும் என்ற இயற்கை உரிமை வெறும் நிலத்துக்குத்தான். மேலே கட்டடம் ஏற்றிய நிலத்துக்கு அந்தத் தாங்குதல் வேண்டுமானால், ஈஸ்மென்ட் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி இருபது ஆண்டுகள் இடையூறின்றி அனுபவித்திருக்க வேண்டும். 1984 கட்டடம் என்பதால் அதில் குறையில்லை. ஆனால் அந்த இருபது ஆண்டுகள், வழக்குத் தாக்கலுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிவதாக இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மூன்று ஆண்டு இருக்கிறதே என்று ஆற அமர வருகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். உங்களுக்கு ஒரு தெம்பு உண்டு: இடையூறு என்பது, தெரிந்த பிறகும் ஓராண்டு பொறுத்துப் போயிருந்தால்தான் இடையூறாகக் கொள்ளப்படும். காலத்தை நிறுத்த உதவாத அந்த 2023 பிப்ரவரிப் புகார், நீங்கள் பொறுத்துப் போகவில்லை என்று காட்ட உதவும். இருந்தாலும் பிராதில் தாங்குதல் உரிமையை மட்டும் நம்பாமல், அஜாக்கிரதையாகத் தோண்டியதையும் தொல்லை விளைவித்ததையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

முலுண்ட் பொறியாளர் (ஓய்வு)

சட்டத்தை வக்கீல் சார் சொல்லிவிட்டார். நான் சுவரைப் பற்றிச் சொல்கிறேன். "பழைய கட்டடம், தானாகவே விரிந்தது" என்ற வாதத்தை உடைக்கப் பேச்சு போதாது, அளவு வேண்டும். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு முனைகளிலும் பிளாஸ்டர் வைத்து ஒட்டி, அதன் மேலேயே தேதி எழுதுங்கள். அசைவு இருந்தால் கண்ணாடி முறியும். முறிந்த நாளைக் குறித்து வையுங்கள். நான் வேலையில் இருந்தபோது ஒரு தளத்தில் பதினோரு கண்ணாடி ஒட்டினேன். பள்ளத்தைப் பார்த்த சுவரில் இருந்த ஏழும் முறிந்தன, எதிர்ப்பக்கத்து நான்கும் அப்படியே இருந்தன. பழுதுக்கு வயது காரணம் என்றால் விரிசல் நான்கு பக்கமும் வர வேண்டாமா?

பள்ளத்திலிருந்து இரவு பகலாகத் தண்ணீர் இறைத்தார்களா என்றும் விசாரியுங்கள். நிலத்தடி நீர் இறங்கினால் களிமண் அமுங்கும். பைல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பக்கத்து அஸ்திவாரம் சற்றுக் கீழே போகும். 2018 ஜூன் மழையில் வடாலா ஆன்டாப் ஹில்லில் பள்ளத்தை ஒட்டிய காம்பவுண்டுச் சுவரும் மண்ணும் சரிந்து கார்கள் உள்ளே போனதைப் பார்த்தவர்களுக்கு, சாய்ந்த சுவர் எதைச் சொல்கிறது என்று தெரியும். சுவரோரம் கார்களை நிறுத்துவதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

ஒரு சந்தேகம்: பைல் சுவரைப் பிடித்து இழுக்க ஆங்கர் போட்டார்களா? சாய்வாகத் துளையிட்டு எஃகுக் கம்பி செலுத்திச் சிமென்ட் பால் ஏற்றுவார்கள். உங்கள் மனை அத்தனை நெருக்கம் என்றால், அந்தக் கம்பிகள் உங்கள் நிலத்துக்கு அடியில்தான் போயிருக்கும்.

காட்கோபர் வாசி

எங்கள் சொசைட்டியின் அனுபவம் சொல்கிறேன். பில்டர் "ஓசி (குடியேறும் சான்றிதழ்) வந்ததும் எல்லாம் செய்து தருகிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், நாங்களும் சாயா கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தோம். இடையில் ஒருவர் பேச்சைக் கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போய் எட்டு மாதம் வீணானது. நாங்கள் அவரிடம் வீடு வாங்கியவர்கள் இல்லை என்பதால் நுகர்வோரே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நகர சிவில் நீதிமன்றத்துக்கு வந்தபோது முதல் விரிசலிலிருந்து மூன்று ஆண்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆணையத்தில் போன காலத்தைக் கழிக்க வேண்டும் என்று காலவரையறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவைக் காட்டி வாதிட்டு, பிராதை நிராகரிக்கக் கேட்ட மனுவைத் தாண்டினோம். ஆனால் காலவரம்பு என்ற எழுவினா (நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய கேள்வி) விசாரணை முழுவதும் கழுத்தில் தொங்கியதால், கடைசியில் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சமரசம் பேச வேண்டியதாயிற்று.

செம்பூர் செயலாளர்

மிக்க நன்றி. இரண்டு விஷயங்கள். மாநகராட்சியையும் எதிர்வாதியாகச் சேர்க்க வேண்டும் என்று சிலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். ஆங்கர் பற்றிப் பொறியாளர் சார் கேட்டதும் பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன்: 2022 டிசம்பர் 6 அன்று "இரவு பதினோரு மணிக்குச் சுவரோரம் சாய்வாகத் துளை போடுகிறார்கள், தூங்க முடியவில்லை" என்று வாட்ச்மேன் எழுதி வைத்திருக்கிறார்.

மாட்டுங்கா வழக்கறிஞர்

அந்தக் குறிப்பு பெரிய விஷயம். உங்கள் நிலத்துக்குள் கம்பி நுழைந்திருந்தால் அது அத்துமீறல். காலவரையறைச் சட்டத்தின் 87-ஆம் உறுப்பின்படி அத்துமீறிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள், சேதம் ஏற்படும் வரை காத்திருக்காது. கம்பி இன்னும் உள்ளே இருப்பதால் தொடர் தீங்கு என்று வாதிடலாம் என்றாலும், பாதுகாப்பான கெடு இப்போது 2025 டிசம்பர் 6. ஒரே வழக்கு மூலத்தில் எழும் கோரிக்கையில் ஒரு பகுதியை விட்டுவிட்டால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 2-ஆம் கட்டளை 2-ஆம் விதி பிறகு கேட்க விடாது என்பதால், எல்லாவற்றையும் ஒரே பிராதில் வையுங்கள். தீபாவளி விடுமுறை நடுவில் வருகிறது. நவம்பர் நடுவிலாவது தாக்கலாகிவிட வேண்டும்.

மாநகராட்சியை விட்டுவிடுங்கள். மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 527-ஆம் பிரிவின்படி ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, வழக்கு மூலம் எழுந்த ஆறு மாதத்துக்குள் போட்டிருக்க வேண்டும். 2024 ஜூலையிலிருந்து எண்ணினாலும் அது போய்விட்டது. பில்டர், மனை உரிமையாளர், பைலிங் ஒப்பந்தக்காரர், வடிவமைத்த பொறியாளர் ஆகிய அனைவரையும் முதலிலேயே சேருங்கள். பிற்பாடு சேர்க்கும் எதிர்வாதியைப் பொறுத்தவரை, அவரைச் சேர்த்த நாளில்தான் வழக்குப் போட்டதாகக் காலவரையறைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு கொள்ளும்.

வாட்ஸ்அப் படங்களுக்கு 2023 சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். மாமியின் அசல் போனை யாரும் மாற்றவோ விற்கவோ வேண்டாம். வாட்ச்மேன் குறிப்பேட்டைப் பூட்டி வையுங்கள். செயலாளருக்குக் கையெழுத்திடும் அதிகாரம் தந்து பொதுக்குழுத் தீர்மானமும் தேவை.

செம்பூர் செயலாளர்

சிறப்புப் பொதுக்குழுவுக்கான அறிவிப்பை இன்று மாலை பலகையில் ஒட்டுகிறேன். மாமியின் பேரன் அவருக்குத் தீபாவளிக்குப் புதிய போன் வாங்கித் தருவதாக இருந்தான்; பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்க வேண்டாம் என்று இப்போதுதான் மாடிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.