மலையில இருக்கறவங்க வெஸ்டர்ன் கிளாசிக்கல் கச்சேரி லைவா கேக்க எங்க போகணும்? கொயர், ஆர்க்கெஸ்ட்ரா ரெண்டும்

கோத்தகிரி_சாரல்:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரில இருந்து எழுதுறேன். பொண்ணு எட்டாவது படிக்கிறா, வயலின் கத்துக்கிறா, டிரினிட்டி கிரேடு எக்ஸாம் எல்லாம் குடுக்குறா. 2025 மார்ச்ல ராஜா சார் லண்டன்ல ராயல் ஃபில்ஹார்மோனிக்கோட சிம்பொனி பண்ணாருல்ல, அந்த நியூஸ் பாத்ததுல இருந்து ஒரே கேள்விதான், "அம்மா நெஜமான ஆர்க்கெஸ்ட்ரா எப்பம்மா பாக்கலாம்"னு. இதுவரைக்கும் எல்லாமே யூடியூப், ஹெட்ஃபோன். ஒரு செல்லோவைக் கூட பக்கத்துல இருந்து பாத்ததில்ல பாவம்.

இந்த டிசம்பர்ல இருந்து ஈஸ்டர் வரைக்கும் அவ லீவு நாளாப் பாத்து எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்னு இருக்கேன். ஊட்டி குன்னூர் பக்கமே ஏதாவது நடக்குமா, இல்ல கீழ இறங்கித்தான் ஆகணுமா? சர்ச்சுல கொயர் பாடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன், ஆனா நாங்க கிறிஸ்டியன் இல்ல, உள்ள போய் உக்காந்து கேக்கலாமா, யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்களா? செலவு கொஞ்சம் ஆனாலும் பரவால்ல, ஆனா போறது வீணாகக் கூடாது, அவளுக்கு மனசுல நிக்கணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஊட்டி_டெனர்:

வாங்க சிஸ்டர். நான் ஊட்டில ஒரு சபை கொயர்ல டெனர் பாடுறேன், அதனால என் பதில் கொயர் பக்கம்தான் சாயும்.

முதல்ல அந்தக் கடைசிக் கேள்வி. தாராளமா வரலாம். கேரல் சர்வீஸுக்கு, அதாவது கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனைக்கு, டிக்கெட்டும் கிடையாது, நீங்க யாருன்னு கேக்கவும் மாட்டாங்க. டிசம்பர் ஆரம்பத்துல இருந்து கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வரைக்கும் ஊட்டி, குன்னூர், வெலிங்டன், கோத்தகிரின்னு ஒவ்வொரு சபையும் ஒரு ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வெச்சுக்கும். தேதியை சர்ச் வாசல் போர்டுல போடுவாங்க, இல்லன்னா ஆபீஸ்ல கேட்டா சொல்லிடுவாங்க. அரை மணி நேரம் முன்னாடியே போயிடுங்க, பின்னாடி சீட் வேண்டாம், கொயர் உக்காருற பக்கமா சைடுல உக்காருங்க. மேல இருந்து கீழ சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ்னு நாலு குரலும் தனித்தனியா எங்க இருந்து வருதுன்னு பொண்ணு கண்ணாலயே பாக்கணும், ஹெட்ஃபோன்ல அது வரவே வராது. அவ வயலின்ல எப்பவும் மேல இருக்கற மெலடியை மட்டுமே வாசிச்சுப் பழகியிருப்பா. உள்குரல்னு ஒண்ணு இருக்கு, ஆல்டோவும் டெனரும் நடுவுல நடந்து போறதுலதான் ஹார்மனியே இருக்குன்னு ஒரு தடவை நேர்ல கேட்டுட்டா அப்புறம் எந்தப் பாட்டைக் கேட்டாலும் காது தானா அங்க போகும்.

ஊட்டின்னா செயின்ட் ஸ்டீஃபன்ஸ் சர்ச்சை பகல்லயே ஒரு தடவை சுத்திக் காட்டுங்க. 1829ல அடிக்கல் நாட்டி 1831 ஈஸ்டர்ல திறந்தது, மேல தெரியுற பெரிய மர உத்தரம் எல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தான் அரண்மனைல இருந்து வந்ததுன்னு சொல்லுவாங்க.

அப்புறம் பெரிய வெள்ளி. இதைத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்லுவேன். அந்த வாரத்துல இயேசு சிலுவைல அறையப்பட்டதைச் சொல்ற ஸ்டெயினரோட 'குரூசிஃபிக்ஷன்' நிறைய சபைகள்ல பாடுற வழக்கம் உண்டு, 1887ல எழுதினது, ஒரு டெனர், ஒரு பாஸ், கொயர், ஆர்கன், அவ்வளவுதான், ஆர்க்கெஸ்ட்ராவே வேண்டாம். சாதாரண சபை கொயரே பாடுற மாதிரி எழுதியிருப்பாரு, நடுநடுவுல சபையாரும் எழுந்து பாட கீதங்கள் இருக்கு. ஒரு மணி நேரம் பக்கம்தான் வரும், குழந்தைக்கு அலுக்காது. எந்த சபைல இந்த வருஷம் பண்றாங்கன்னு மார்ச் ஆரம்பத்துலயே விசாரிச்சு வெச்சுக்கோங்க, ஏன்னா ரிகர்சல் அப்பவே ஆரம்பிச்சிடும். கொயர் மாஸ்டர்கிட்ட கேட்டு ஒரு ரிகர்சல்ல உக்கார விட்டா அது கச்சேரியை விட நல்லது. எங்கள்ல பாதிப் பேர் இன்னும் டானிக் சோல்ஃபாதான் படிக்கிறோம், டோ ரே மீ எழுத்துலயே நாலு பார்ட்டும் எழுதியிருக்கும், அஞ்சு கோட்டுல எழுதுற ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கிற பொண்ணுக்கு அதைப் பாக்கவே புதுசா இருக்கும்.

கீழ_போன_குன்னூர்க்காரன்:

டெனர் அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா சிஸ்டர் கேட்டது ஆர்க்கெஸ்ட்ரா. கொயரைக் கேட்டுட்டு ஆர்க்கெஸ்ட்ராவும் கேட்டாச்சுன்னு ஆகாது. எழுவது பேர் ஒண்ணா வில்லை இழுக்குறப்ப வர்ற சத்தம் உடம்புல படும், அதுக்கு மாத்து கிடையாது. மலையில அது கிடைக்காது, கீழ போய்த்தான் ஆகணும்.

முழு நேர ப்ரொஃபெஷனல் சிம்பொனின்னா நம்ம நாட்டுல ஒண்ணே ஒண்ணுதான், மும்பைல என்சிபிஏங்கற கலை மையத்துல இருக்கற சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா. 2006ல ஆரம்பிச்சது. வருஷத்துல முக்கியமா ரெண்டு சீசன், பிப்ரவரி பக்கம் ஒண்ணு, செப்டம்பர் பக்கம் ஒண்ணு. ப்ரோக்ராமை என்சிபிஏ வெப்சைட்ல முன்கூட்டியே போட்டுடுவாங்க, சில வருஷம் கொயரோட பண்ற பெரிய வொர்க்கும் இருக்கும். கோயம்புத்தூர்ல இருந்து நேர் ஃப்ளைட் இருக்கு, வெள்ளிக்கிழமை இறங்கி ஞாயிறு திரும்பிடலாம். குழந்தைக்கு வயசு வரம்பு ஏதாவது போட்டிருக்கான்னு டிக்கெட் எடுக்கும்போதே பாத்துடுங்க.

சென்னைன்னா செலவு கம்மி. மேட்டுப்பாளையத்துல ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினா காலைல சென்ட்ரல். மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893ல இருந்து இருக்கு, அவங்க கொயர் தரமான கொயர், கிறிஸ்துமஸ் சீசன்ல அவங்க கச்சேரி என்னைக்குன்னு பாருங்க. எழும்பூர் மியூசியம் தியேட்டர்ல நடக்குற எதுக்காவது போக முடிஞ்சா விடாதீங்க, 1896ல கட்டினது, அரைவட்டமா படிப்படியா இறங்குற சீட்டு, மேடை அவ்வளவு பக்கத்துல இருக்கும், வயலின் கத்துக்கிற பொண்ணு வில்லு பிடிக்கிற கையையே பாத்துட்டு இருக்கலாம். ரஹ்மான் சார் 2008ல ஆரம்பிச்ச கேஎம் மியூசிக் கன்சர்வேட்டரியும் சென்னைலதான், அங்க படிக்கிற ஸ்டூடண்ட்ஸ் கச்சேரியையும் பாருங்க, வாசிக்கிறது தன்னை விட கொஞ்சமே பெரியவங்கன்னு தெரிஞ்சா பொண்ணுக்கு வேற வேகம் வரும்.

ஒரு விஷயம் மட்டும் செய்யுங்க. ப்ரோக்ராம்ல பீத்தோவன் அஞ்சாவது சிம்பொனி இருந்தா கண்ணை மூடிட்டு புக் பண்ணிடுங்க. அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலதான் வரும். அதுல மூணு டிராம்போன் காரங்க (பித்தளைக் குழல்), ஒரு பிக்கோலோ (சின்னப் புல்லாங்குழல்), ஒரு கான்ட்ராபாசூன் (ரொம்ப கீழ் சுரம் வாசிக்கிற பெரிய மரக்குழல்), இவங்க அஞ்சு பேரும் முதல் மூணு மூவ்மென்ட்டும், அதாவது முதல் மூணு பகுதியும், ஒரு நோட்டு கூட வாசிக்க மாட்டாங்க, சும்மா உக்காந்திருப்பாங்க. மூணாவது முடியுற மாதிரி சத்தம் இறங்கி, டிம்பனிங்கற பெரிய முரசு மெதுவா தட்டிட்டே இருக்கும், இடைவெளியே விடாம அப்படியே நாலாவதுக்குள்ள போறப்பதான் எல்லாரும் சேந்து திறப்பாங்க. அந்த அஞ்சு பேரை முன்னாடியே காட்டிக் குடுத்து "எப்ப எடுக்குறாங்கன்னு பாரு"ன்னு சொல்லிடுங்க. ரெக்கார்டிங்ல இந்தக் காத்திருப்பு யாருக்கும் தெரியாது.

கோத்தகிரி_சாரல்:

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும், இவ்வளவு விவரமா வரும்னு எதிர்பாக்கல. படிச்சுக் காட்டினேன், டிராம்போன் விஷயத்தைக் கேட்டதுல இருந்து யூடியூப்ல தேடிட்டு இருக்கா.

இன்னும் ரெண்டு கேள்வி. பெங்களூர் போலாமா, எங்க அண்ணன் வீடு அங்க இருக்கு, கார்லயே போயிட்டு வந்துடலாம்னு நினைச்சேன். அப்புறம் கை தட்டுறது எப்பன்னு குழப்பமா இருக்கு, நடுவுல தட்டினா திரும்பிப் பாப்பாங்களாமே?

கூடலூர்_ரோடு:

பெங்களூர் நல்ல ஐடியா. வெஸ்டர்ன் கச்சேரி அங்க அடிக்கடி உண்டு, மல்லேஸ்வரம் பக்கம் சௌடையா மெமோரியல் ஹால்ல ஏதாவது அமைஞ்சா கட்டாயம் போங்க. வயலின் வித்வான் சௌடையா நினைவா கட்டின ஹால், கட்டடமே வயலின் வடிவம். உங்க பொண்ணு வெளிய நின்னே அரை மணி நேரம் பாப்பா.

ஆனா கச்சேரி முடிஞ்சு அன்னைக்கே கிளம்பலாம்னு மட்டும் கணக்குப் போடாதீங்க. பந்திப்பூர் ரோடு ராத்திரி 9 மணில இருந்து காலை 6 வரைக்கும் மூடிடுவாங்க, மசினகுடி வழியா வந்தாலும் கூடலூர் வழியா வந்தாலும் அந்தக் காடு தாண்டித்தான் வரணும். திம்பம் வழியா சுத்தி வரலாம்னா அங்கயும் ராத்திரி தடை இருக்கு. அண்ணன் வீட்ல தங்கிட்டு காலைல வெளிச்சத்துல வாங்க. டிசம்பர்ல மழை பிடிச்சா மேட்டுப்பாளையம் கோத்தகிரி ரோட்டையும் பாத்துக்கோங்க, கீழ இறங்குறதுக்கு முன்னாடி நாள் விசாரிச்சுட்டு கிளம்புறது நல்லது.

கொடை_மழை:

நான் கொடைக்கானல். இங்க 1901ல ஆரம்பிச்ச இன்டர்நேஷனல் ஸ்கூல்ல மியூசிக் ரொம்ப பலம், ஸ்கூல் கச்சேரிக்கு வெளி ஆளுங்களை விடுவாங்களான்னு ஆபீஸ்ல கேட்டுட்டு வாங்க. கார்ல வந்தா கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுக்கணும், டிஎன் 43 நம்பர்னு நீலகிரில பாஸ் இல்லாம விடுற மாதிரி இங்க விட மாட்டாங்க.

கை தட்டுற விஷயம்: சிம்பொனின்னா பெரும்பாலும் நாலு மூவ்மென்ட், எல்லாம் முடிஞ்சப்புறம்தான் தட்டுறது. கண்டக்டர் கையை முழுசா இறக்கி ஆடியன்ஸ் பக்கம் திரும்புற வரைக்கும் பொறுத்தா போதும். பெரிய வெள்ளி ஆராதனைல தட்டவே வேண்டாம்.

போற வரைக்கும் வீட்ல இருந்தே கேக்க ரெண்டு சொல்றேன், ரெண்டும் நம்ம நேரத்துக்கு ஒத்து வரும். டிசம்பர் 24 ராத்திரி எட்டரைக்கு கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் கேரல் சர்வீஸ் பிபிசில நேரடியா வரும், 1918ல இருந்து நடக்குது, 1928ல இருந்து ரேடியோல வருது. ஆர்கன் கூட இல்லாம ஒரே ஒரு பையன் குரல்ல ஆரம்பிக்கும். பாடப்போறது யாருன்னு கடைசி நிமிஷத்துலதான் அந்தப் பையனுக்கே தெரியுமாம். ஜனவரி 1 மத்தியானம் மூணே முக்காலுக்கு வியன்னா ஃபில்ஹார்மோனிக் புத்தாண்டுக் கச்சேரி. மும்பைல பொறந்த கண்டக்டர் ஜுபின் மேத்தா அதை அஞ்சு தடவை நடத்தியிருக்காரு, பழைய வீடியோ கிடைச்சா காட்டுங்க. தமிழ்லயே வேணும்னா ராஜா சாரோட 2005 திருவாசகம், புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோட கொயரும் சேந்து வரும், வார்த்தை புரியுறதால கொயர் எங்க சேருது எங்க விலகுதுன்னு பிடிக்க ஈஸி.

ஊட்டி_டெனர்:

குன்னூர்க்காரர் சொன்னதுல எனக்குச் சண்டை இல்ல, மும்பை போக முடிஞ்சா போங்க. ஆனா எதுவும் கேட்டுப் பழகாம நேரா அங்க போய் ரெண்டு மணி நேரம் உக்காந்தா சத்தம்தான் ஞாபகம் இருக்கும், பாட்டு ஞாபகம் இருக்காது. ஒரே ஒரு வொர்க்கை எடுத்து முழுசா பழக்கிட்டு அதைக் கேக்கப் போங்க.

என்னைக் கேட்டா ஹேண்டலோட 'மெசையா'. கொயர், ஆர்க்கெஸ்ட்ரா ரெண்டும் உண்டு. 1741ல இருபத்தி நாலு நாள்ல எழுதினாரு, 1742 ஏப்ரல்ல டப்ளின்ல முதல்ல பாடினாங்க. வார்த்தை எல்லாம் பைபிள் வசனம், அதனால தமிழ் பைபிள்ல ஏசாயா 40ம் அதிகாரத்தைத் திறந்து வெச்சுக்கிட்டா முதல் டெனர் பாட்டு என்ன சொல்லுதுன்னு வரிக்கு வரி புரியும். முழுசா ரெண்டரை மணி நேரம் வரும், கிறிஸ்துமஸ்ல நிறைய இடத்துல முதல் பாகமும் அல்லேலூயா கோரஸும் மட்டும் பாடுவாங்க, சின்னப் பொண்ணுக்கு அதுவே போதும். டிராம்போன் மாதிரியே இதுலயும் ஒருத்தர் காத்திருப்பாரு: டிம்பனி வாசிக்கிறவரு. முதல் பாகம் முழுக்க, ரெண்டாம் பாகமும் கிட்டத்தட்ட முழுக்க கையைக் கட்டிட்டு இருந்துட்டு அல்லேலூயாலதான் அடிப்பாரு. அந்த இடத்துல எல்லாரும் எழுந்து நிப்பாங்க, நீங்களும் நில்லுங்க.

ஒண்ணு கேக்க மறந்துட்டீங்க, நானே சொல்லிடுறேன். சர்ச்சுல பைப் ஆர்கன் இருந்தா குளிர்ல சுருதி இறங்கியிருக்கும். ஒரு டிகிரிக்கு மூணு சென்ட் கணக்கு (அரை சுரத்துக்கு நூறு சென்ட்), பத்து டிகிரி குறைஞ்சா அரை சுரத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு போயிடும். வழக்கமான 440 ஹெர்ட்ஸ் சுருதில பழகின காதுள்ள பொண்ணு "சுருதி தப்பா இருக்கும்மா"ன்னு சொல்லுவா, அது தப்பில்ல, டிசம்பர் குளிரு. கொயர் அந்த ஆர்கனுக்கு ஒத்துத்தான் பாடும்.

கோத்தகிரி_சாரல்:

சரி, முடிவு பண்ணிட்டோம். டிசம்பர்ல ஊட்டில ஒரு கேரல் சர்வீஸ், 24 ராத்திரி ரேடியோ, பிப்ரவரில டிக்கெட் கிடைச்சா மும்பை, இல்லன்னா அண்ணன் வீட்ல தங்கி பெங்களூர், அப்புறம் பெரிய வெள்ளி. மெசையா இன்னைக்கே ஆரம்பிக்கிறோம், வாரத்துக்கு ரெண்டு பாட்டு வீதம். டெனர் அண்ணா, உங்க சபை ரிகர்சல்ல உக்கார முடியுமா? அவ வயலினையும் எடுத்துட்டு வரலாமான்னு கேக்குறா.

ஊட்டி_டெனர்:

இன்பாக்ஸ்ல மெசேஜ் போடுங்க, மாஸ்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன். வயலின் கட்டாயம் எடுத்துட்டு வரட்டும், டெனர் பார்ட்டுக்குத் துணை எப்பவும் தேவைதான். கார்ல இருந்து இறங்கினதும் உடனே டியூன் பண்ண வேண்டாம், பெட்டியைத் திறந்து வெச்சு இருவது நிமிஷம் அந்தக் குளிருக்குப் பழக விட்டுட்டு அப்புறம் தந்தியை முறுக்குற பெக்ல கை வைக்கச் சொல்லுங்க.