சென்னையின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் யார்? ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மயிலாப்பூரிலிருந்து:

பத்துப் பேர் பட்டியல் போட உட்கார்ந்தால் இரண்டாவது பெயரிலேயே சண்டை வந்துவிடுகிறது. ஆளுக்கொரு அளவுகோலை வைத்துக்கொண்டு பேசுவதுதான் காரணம். அதனால் பெயர்களுக்கு முன்னால் யார் சென்னைக்காரர் என்பதை முடிவு செய்துகொள்வோம்.

பிறந்த ஊரை வைத்தால் பட்டியல் கெட்டுப்போகும். விஸ்வநாதன் ஆனந்த் பிறந்தது மயிலாடுதுறை. செஸ் ஆடிய மானுவல் ஆரோன் பிறந்தது பர்மா. நரேன் கார்த்திகேயன் சென்னையில் பிறந்தவர், ஆனால் அவரை ஆளாக்கியது கோயம்புத்தூரின் கார் பந்தய மரபு. போட்டிருக்கும் ஜெர்சியைப் பார்த்தாலும் வம்புதான், முதல் பெயராக தோனி வந்து நிற்பார். அவர் மேல் இந்த ஊர் வைத்திருக்கும் பாசம் உண்மையானது, அதற்குத் தனிப் பட்டியல் போடலாம். என் யோசனை இது: ஆட்டத்தில் மேலே ஏறிய வருடங்களில் குடியிருப்பும் பயிற்சியும் இங்கே இருந்திருக்க வேண்டும். இப்படி வைத்தால் கொல்கத்தாவில் பிறந்து ஸ்குவாஷ் கற்க இங்கே வந்த சௌரவ் கோஷல்கூட விவாதத்துக்குள் வருவார். வரட்டும், தப்பில்லை.

விருதுகளை எண்ணாதீர்கள். அர்ஜுனா விருது தொடங்கியதே 1961-ல்தான். கேல் ரத்னா 1991-92-ல் வந்தது, அதை முதலில் வாங்கியவரே நம் ஆனந்த். விருதுக்கு இத்தனை மதிப்பெண் என்று கணக்குப் போட்டால் 1930-களில் ஆடியவர்கள் பூஜ்ஜியத்தில் நிற்பார்கள்.

ஒவ்வொருவரையும் அவரவர் ஆட்டத்துக்குள்ளேயே எடை போட இரண்டு கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன். உச்சத்தில் இருந்தபோது யாரை ஜெயித்தார்? எத்தனை வருடம், என்னென்ன மாற்றங்களைத் தாண்டி நின்றார்? நேரில் பார்த்த ஆட்டங்களை வைத்து எழுதுங்கள்.

திருவல்லிக்கேணியிலிருந்து:

எம்.ஜே.கோபாலனை விட்டுவிட்டு எந்தப் பட்டியலும் வேண்டாம். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம், மெட்ராஸ் எதிர் மைசூர். ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டம், முதல் பந்தைப் போட்டவர் அவர். ஏ.ஜி.ராம்சிங் பதினொரு விக்கெட் எடுக்க, ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. கோபாலன் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1935-ல் தயான் சந்த் இருந்த அணியோடு நியூசிலாந்து போய் வந்தார். 1936-ல் ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக், மறுபக்கம் கிரிக்கெட் அணியின் இங்கிலாந்துப் பயணம். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். அங்கே ஒரு டெஸ்டில்கூட இறக்கவில்லை, ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. எண்களை மட்டும் பார்ப்பவர் கண்ணில் படுவது ஒரு டெஸ்ட், ஒரு விக்கெட். இரண்டு ஆட்டங்களில் நாட்டுக்கு ஆடியதை எந்தப் புள்ளிவிவரக் கட்டத்தில் எழுதுவது?

வெங்கட்ராகவனுக்கு வேறு விதமான அநியாயம். 1965-ல் டெல்லியில் நியூசிலாந்துக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு எட்டு, இரண்டாவதில் 80-க்கு நான்கு. அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. அப்புறமும் அணியில் இடம் நிரந்தரமில்லை, காரணம் எதிர்ப்பக்கத்து ஆட்டக்காரர்கள் இல்லை, அதே ஆஃப் ஸ்பின் இடத்துக்குப் போட்டியிட்ட பிரசன்னா. 57 டெஸ்டில் 156 விக்கெட் என்பதைப் படிக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும். ஸ்லிப்புக்கு அடுத்த கல்லி இடத்தில் நின்று அவர் பிடித்த கேட்சுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அஸ்வின் என்றால் எல்லோரும் 537 விக்கெட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்திய மண்ணில் எடுத்தது என்ற குறையும் கூடவே வரும். சேப்பாக்கத்தில் 2021-ல் இங்கிலாந்துக்கு எதிராக ஐந்து விக்கெட்டும் சதமும், 2024-ல் பங்களாதேஷுக்கு எதிராகச் சதமும் ஆறு விக்கெட்டும். சொந்த மண்ணில் எல்லா சுழற்பந்து வீச்சாளருக்கும் இப்படி அமைவதில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது அவருடைய சொடக்குப் பந்து. வெளியே கேரம் பால் என்கிறார்கள். சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் போட்டு வந்த சரக்கு அது. கட்டைவிரலுக்கும் மடக்கிய நடுவிரலுக்கும் நடுவே பந்தை நெருக்கிப் பிடித்து, விடும்போது நடுவிரலால் சுண்ட வேண்டும். டென்னிஸ் பந்தின் எடை அறுபது கிராமுக்கும் குறைவு, மேலே ரோமம் இருக்கிறது, விரல் நன்றாகப் பற்றும். கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம், மேல்தோல் வழுக்கும். தெருவில் அழகாகப் போடுபவர் தோல் பந்தில் போட்டால் பெரும்பாலும் நீளம் தவறி நடு பிட்சில் விழும், இல்லையென்றால் இடுப்புயரத்தில் ஃபுல்டாஸாகப் போகும். தெரு வித்தையை டெஸ்ட் மட்டத்தில் நீளம் கெடாமல் போட்டதுதான் அவருடைய சாதனை. வலதுகை ஆட்டக்காரருக்கு உள்ளே வரும் என்று எதிர்பார்த்த பந்து வெளியே போகும்.

நுங்கம்பாக்கத்திலிருந்து:

மயிலாப்பூர் சாரின் முதல் கேள்வியோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும்: அந்த வருடம் களத்தில் யார் யார் இல்லை? டென்னிஸில் இதைப் பார்க்காமல் எடை போட்டால் தப்பாகிவிடும்.

ராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டன் அரையிறுதிக்கு 1960, 1961 இரண்டு வருடமும் போனார். 1968 வரை அங்கே தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை, அதனால் கோன்சாலஸ், ரோஸ்வால் போன்றவர்கள் களத்தில் இல்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் 1961 காலிறுதியில் அவர் வீழ்த்தியது ராய் எமர்சனை. தோற்றது 1960-ல் ஃப்ரேசரிடம், 1961-ல் லேவரிடம், இருவருமே அந்தந்த வருடத்துச் சாம்பியன்கள். சர்வீஸில் வேகம் கிடையாது. தரையிலிருந்து எழும்பும் கணத்திலேயே பந்தை எடுக்கும் ஹாஃப் வாலியும், எதிராளியின் வேகத்தை அவர் பக்கமே திருப்பிவிடும் கைநேர்த்தியும்தான் மூலதனம். சர்வீஸ் மெதுவாக இருந்தால் ஒவ்வொரு புள்ளியையும் உழைத்துத்தான் எடுக்க வேண்டும், ஐந்து செட் போனால் கால் ஓய்ந்துவிடும். அப்படியிருந்தும் 1966 டேவிஸ் கோப்பையில், கல்கத்தாவில், பிரேசிலின் தாமஸ் கோக்கிடம் மூன்றாவது செட்டை 10-12 என்று இழந்து, நான்காவதில் 2-5 என்று பின்தங்கி, அங்கிருந்து 7-5, 6-2 என்று முடித்தார். டைபிரேக்கர் இல்லாத காலம். அந்த ஒரு ஆட்டம் இந்தியாவை இறுதிக்குக் கொண்டுபோனது.

விஜய் அமிர்தராஜின் 1973-ஐயும் இப்படித்தான் படிக்க வேண்டும். அந்த வருட விம்பிள்டனை எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் புறக்கணித்தார்கள். அதனால் அவருடைய காலிறுதிக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். அதே வருட அமெரிக்க ஓபனில் புறக்கணிப்பு எதுவும் இல்லை, அங்கே லேவரை ஜெயித்துக் காலிறுதிக்குப் போனார். அதைக் கழிக்க யாராலும் முடியாது. 1981 விம்பிள்டன் காலிறுதியில் கானர்ஸிடம் முதல் இரண்டு செட்டை எடுத்துவிட்டுத் தோற்றதுதான் இன்னும் வலிக்கிறது.

ரமேஷ் கிருஷ்ணனுக்கு ஒரு வரி போதும்: 1989 ஆஸ்திரேலிய ஓபன், இரண்டாம் சுற்று, முந்தைய வருடச் சாம்பியனும் உலக முதல் நிலையுமான விலாண்டரை நேர் செட்டில் வென்றார்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

சேப்பாக்கமும் நுங்கம்பாக்கமும் பேசி முடித்திருந்தால் பாலத்துக்கு இந்தப் பக்கமும் கொஞ்சம் வாங்க அண்ணே.

கேரம் என்றதும் வீட்டு வாசல் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுகிறார்கள். மரிய இருதயம் 1991, 1995 இரண்டிலும் உலகச் சாம்பியன், ஒன்பது முறை தேசியச் சாம்பியன், கேரமுக்காக அர்ஜுனா விருது பெற்ற ஒரே ஆள். போட்டி போர்டின் ஆடுபரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம், ஸ்டிரைக்கர் அதிகபட்சம் 15 கிராம், ஒரு கேம் 25 புள்ளி. ரெட்டுக்கு மூன்று புள்ளி, அதுவும் உங்கள் கணக்கு 22-ஐத் தொடும் வரைதான். 22 ஆனபிறகு ரெட் போட்டு ஃபாலோ போட்டாலும் அந்த மூன்று சேராது. அதனால் 19, 20-ல் நிற்கும்போது ரெட்டை எடுப்பதா, காயினைக் கட்டி வைத்து எதிராளியை முடக்குவதா என்ற கணக்கில்தான் பெரிய ஆட்டக்காரர் தெரிவார். வீட்டு போர்டில் பவுடரைக் கொட்டி வேகமாக அடித்துப் பழகியவர்கள் போட்டி போர்டில் திணறுவது இதனால்தான். அங்கே வேகத்தைவிட ஸ்டிரைக்கர் கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்பது முக்கியம். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் எடுத்த காசிமா எங்கள் பக்கத்துப் பெண்.

பவானி தேவியும் வண்ணாரப்பேட்டைதான். ஒலிம்பிக் வாள்வீச்சில் இந்தியாவிலிருந்து இறங்கிய முதல் ஆள். டோக்கியோவில் முதல் ஆட்டத்தை 15-3 என்று எடுத்தார். அவர் ஆடும் சேபர் பிரிவில் உள்ளங்கை, விரல்களைத் தவிர இடுப்புக்கு மேலே எங்கே பட்டாலும் புள்ளி, வெட்டினாலும் குத்தினாலும் புள்ளி. இரண்டு பேருக்கும் விளக்கு எரிந்தால் தாக்குதலை யார் முதலில் தொடங்கினார் என்று நடுவர் பார்ப்பார். பின்வாங்கி விளையாடி அங்கே பிழைக்க முடியாது. பயிற்சிக்கு அவர் கேரளாவின் தலச்சேரிக்குப் போக வேண்டியிருந்தது என்பதால் உங்கள் குடியிருப்பு விதியை இழுத்துப் பிடித்தால் அவர் விழுந்துவிடுவார். அந்த விதியைத் தளர்த்துங்கள். ஊரில் வசதி இல்லாததற்கு ஆட்டக்காரரைத் தண்டிக்கக் கூடாது.

குத்துச்சண்டையில் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைகளின் ஆட்களுக்கு மதிப்பெண் போட ஸ்கோர் கார்டு கிடையாது. அன்றைய செய்தித்தாளையும் துண்டு நோட்டீஸையும் தேடித்தான் சேர்க்க வேண்டும்.

பெரியமேட்டிலிருந்து:

இரண்டாவது கேள்விக்கு, அதாவது மாற்றங்களைத் தாண்டி நிற்பதற்கு, டேபிள் டென்னிஸ் ஆடிய சரத் கமலைவிடப் பொருத்தமான ஆள் இந்த ஊரில் இல்லை. 2006-ல் மெல்போர்னில் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம், 2022-ல் பர்மிங்காமில் மறுபடி அதே தங்கம், நாற்பது வயதில். நடுவே பதினாறு வருடம். அந்தப் பதினாறு வருடத்தில் டேபிள் டென்னிஸே மாறிப்போனது. 2008-ல் ஸ்பீட் க்ளூவைத் தடை செய்தார்கள். ரப்பருக்கும் கட்டைக்கும் நடுவே அந்தப் பசையைத் தடவினால் ஸ்பாஞ்ச் உப்பி, வேகமும் சுழலும் கூடும். சரத் மாதிரி பலமாக ஃபோர்ஹேண்ட் லூப் அடிப்பவர்களுக்கு அதுதான் பெரிய துணை. 2014-ல் செல்லுலாய்டு பந்து போய் பிளாஸ்டிக் பந்து வந்தது, சுழல் இன்னும் குறைந்தது. ஒரே அடியில் முடித்த புள்ளிக்கு இரண்டு மூன்று அடி தேவைப்பட்டது. பலர் அங்கேயே ஓய்ந்தார்கள். இவர் மேசைக்கு நெருங்கி நின்று ஆடப் பழகிக்கொண்டார். பத்துத் தேசியப் பட்டம், ஐந்து ஒலிம்பிக். டோக்கியோவில் ஒலிம்பிக் சாம்பியன் மா லாங்கிடமிருந்து ஒரு கேமையும் எடுத்தார்.

ஆழ்வார்பேட்டையிலிருந்து:

முதலிடம் ஆனந்துக்குத்தான் என்று நீங்களும் நினைப்பீர்கள். ஏன் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். ஐந்து பட்டம் என்று எண்ணிச் சொல்வதில் பாதிதான் வருகிறது. 2000-ல் நாக் அவுட் முறையில் ஜெயித்தார். 2007-ல் மெக்சிகோவில் எட்டுப் பேர் மோதிய தொடரில் ஜெயித்தார். 2008, 2010, 2012-ல் நேருக்கு நேர் தொடர்களில் ஜெயித்தார். மூன்றும் மூன்று வித உழைப்பு. நாக் அவுட்டில் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான், வேக ஆட்டம் கைவசம் இருக்க வேண்டும். எட்டுப் பேர் தொடரில் பலவீனமானவர்களிடம் புள்ளி எடுத்து, பலமானவர்களிடம் தோற்காமல் இருக்க வேண்டும். நேருக்கு நேர் ஆட்டத்தில் மாதக்கணக்கில் தயாரிப்பு. 2008-ல் கிராம்னிக்குக்கு எதிராக வழக்கமான ராஜா பக்கச் சிப்பாயை விட்டு ராணி பக்கச் சிப்பாயை நகர்த்தித் தொடங்கினார். மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களைக் கறுப்புக் காயில் ஜெயித்தார். கிராம்னிக்கின் தயாரிப்பு முழுக்க வேறு பக்கம் போயிருந்தது.

குகேஷ் 2024-ல் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனார். பதினான்காவது ஆட்டத்தின் 55-வது நகர்த்தலில் டிங் லிரன் ரூக்கைத் தப்பான கட்டத்தில் வைத்தார், அங்கே முடிந்தது. எதிராளியின் தவறால் வந்த பட்டம் என்று சிலர் சொல்வது அநியாயம். சமன் ஆகும் நிலையை ஐம்பது நகர்த்தலுக்கு மேல் விடாமல் இழுத்துக்கொண்டு போனதால்தான் அந்தத் தவறு வந்தது. ஆனாலும் இரண்டாவது கேள்விக்கு அவருக்கு இன்னும் வருடங்கள் தேவை. இப்போதைக்கு முதல் பத்தில் வைப்போம், வரிசை எண் வேண்டாம்.

பெண்கள் பகுதியில் ஒரு குழப்பத்தைத் தவிருங்கள். மகளிர் கிராண்ட்மாஸ்டர் வேறு, கிராண்ட்மாஸ்டர் வேறு. முன்னதற்கு 2300 ரேட்டிங், பின்னதற்கு 2500. எஸ்.விஜயலட்சுமி இந்தியாவின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டர். வைஷாலி 2023-ல் முழு கிராண்ட்மாஸ்டர் ஆனவர்.

இன்னொன்றையும் கேட்கிறேன். மானுவல் ஆரோன் 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். 1972-ல் சோவியத் கலாசார மையத்தில் டால் செஸ் கிளப்பைத் தொடங்கியவர். ஆனந்த் பையனாகப் போய் ஆடியது அங்கேதான். ஊருக்கு விட்டுச் சென்றதற்கு மதிப்பெண் கிடையாதா?

நுங்கம்பாக்கத்திலிருந்து:

கொடுத்தால் இது பயிற்சியாளர் பட்டியல் ஆகிவிடும் சார். ஆரோன் ஒன்பது முறை தேசியச் சாம்பியன், ஆட்டத்தை வைத்தே உள்ளே வருவார். கிளப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மயிலாப்பூரிலிருந்து:

இதில் நான் ஆழ்வார்பேட்டை பக்கம், ஆனால் சம மதிப்பெண் வந்தால் மட்டும் அதைப் பார்ப்போம். பவானி தேவிக்காகக் குடியிருப்பு விதியில் ஒரு விலக்கு: இங்கே வசதி இல்லாமல் வெளியே போனவர்கள் சென்னைக்காரர்களே.

இனி வேலை. ஒவ்வொருவரும் பத்துப் பெயர் வரிசைப்படி அனுப்புங்கள், முதல் பெயருக்குப் பத்து, கடைசிக்கு ஒன்று. ஒரே ஆட்டத்திலிருந்து மூன்று பேருக்கு மேல் வேண்டாம், இல்லையென்றால் கிரிக்கெட்டும் செஸ்ஸும் எல்லா இடத்தையும் எடுத்துக்கொள்ளும். 1970-க்கு முன்னால் ஆடியவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். ஜோஷ்னா சின்னப்பா, தீபிகா பள்ளிக்கல் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை, ஸ்குவாஷ் தெரிந்தவர்கள் எழுதுங்கள். 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற ஹாக்கி அணியின் கேப்டன் வி.பாஸ்கரனையும் மறந்துவிட்டோம். குத்துச்சண்டைக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் பழைய இதழ்களைப் பார்க்க வேண்டும். தேதியும் பக்கமும் குறித்துக்கொண்டு வரும் பெயர்களை மட்டும் சேர்ப்போம். பழைய வண்ணாரப்பேட்டை தம்பி, அதற்கு நீங்கள் முன்னால் நிற்க முடியுமா?